நான் மூட மறுத்த கதவு

பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பந்தியில் உங்கள் சின்ன மாமா ஒரு வார்த்தை சொன்னார். "உங்கப்பாவை ஆஸ்பத்திரியில கழுத்தைப் புடிச்சி வெளிய தள்ளினாங்களே, அந்தக் கதை தெரியுமா?" அவர் சிரித்தார், பக்கத்து இலைக்காரர்களும் சிரித்தார்கள். நீங்கள் இரண்டு பேரும் சிரிக்காமல் என்னைப் பார்த்தீர்கள். நான் பிரியாணியில் எலும்பைத் தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் நீங்கள் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

கழுத்தையெல்லாம் யாரும் பிடிக்கவில்லை. ஆனால் வேலையை விட்டு அனுப்பியது நிஜம். திருடினேன் என்று இல்லை, குடித்தேன் என்று இல்லை. ஒரு கதவை மூட மாட்டேன் என்று நின்றேன், அதற்காக. இன்றைக்கு அதே கதவைக் கொண்டுவந்து என் எதிரில் வைத்தாலும் நான் மூட மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் அப்பா வருத்தப்படுவார் என்று நினைத்துப் படிக்காதீர்கள்.

ஆம்பூரில் பெட்ரோல் பங்க்குக்கு எதிரே இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரி உங்களுக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம். ஒரு ஹால், ஒரு வராந்தா, டாக்டரம்மாவின் அறை, ஊசி போட ஒரு தடுப்பு. அவ்வளவுதான். டாக்டரம்மாவுக்கு அப்போதே வயது அறுபதை நெருங்கியிருக்கும். நான் பத்தாவது வரை படித்தவன். பெயருக்குக் கம்பவுண்டர். டோக்கன் கொடுப்பது, சீட்டு எழுதுவது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, வராந்தாவைப் பெருக்குவது எல்லாம் நான்தான்.

எங்களிடம் வந்தவர்களில் பாதிக்கு மேல் ஷூ கம்பெனிப் பெண்கள். சாயங்காலம் ஐந்தரைக்குக் கம்பெனி விடும். ஆறே காலிலிருந்து பங்க் பக்கத்தில் வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். பேர்ணாம்பட்டு ரோட்டுக்கு ஒன்று, வாணியம்பாடிப் பக்கம் ஒன்று, மலையோரத்து ஊர்களுக்கு இரண்டு. நடுவில் இருக்கிற முக்கால் மணி நேரத்தில்தான் அவர்கள் காய் வாங்க வேண்டும், பிள்ளைக்குப் பன் வாங்க வேண்டும், தனக்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டரையும் பார்க்க வேண்டும். டிரைவர் மூன்று முறை ஹாரன் அடிப்பான். அதற்குமேல் யாருக்காகவும் நிற்க மாட்டான்.

ஒவ்வொரு வேனின் ஹாரனும் ஒரு மாதிரி. ஒன்று ஆடு கத்துவது போல இருக்கும். ஒன்றுக்குத் தொண்டை கட்டியிருக்கும். அந்தப் பெண்கள் வராந்தா பெஞ்சில் ஒரு காதை ரோட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் டோக்கன் சீட்டின் மூலையில் எந்த வேன் என்று ஒரு எழுத்துப் போட்டுவைப்பேன். முதலில் கிளம்புகிற வேன்காரர்களை முதலில் உள்ளே அனுப்புவேன். வந்த வரிசைப்படி இல்லை. டாக்டரம்மாவுக்கு இது தெரியும். அவர் எதுவும் சொன்னதில்லை. உள்ளூர்க்காரர்களும் சண்டைக்கு வந்ததில்லை. தோல் வியாபாரம் செய்த ஒரு பெரியவர், பாய், முதல் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு கடைசியாகத்தான் உள்ளே போவார்.

"நமக்கு வூடு பின்னாடிதானே கீது. அந்தப் பொண்ணுங்களை மொதல்ல அனுப்புப்பா. வேன் போய்ட்டா அதுங்களுக்குப் பேஜார்" என்பார்.

வராந்தாவின் கோடியில், தூண் பக்கம், ஒருவர் உட்காருவார். தோல் பதனிடுகிற ஷாப்பில், பச்சைத்தோல் ஊறுகிற சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்கிறவர். குளித்துவிட்டுத்தான் வருவார். ஆனாலும் அந்த வாசனை குளித்தால் போகிற வாசனை இல்லை. அந்த இடத்தில் காற்று வரும். அவரும் சங்கடப்படாமல் இருப்பார், மற்றவர்களும் முகம் சுளிக்க மாட்டார்கள். கையில் புண்ணுக்கு மருந்து வைத்துக்கொள்ள வாரம் ஒரு முறை வருவார்.

இப்படித்தான் தொண்ணூறுகள் முழுக்கப் போயிற்று.

அதற்குப் பிறகு ஹைவேஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி வந்தது. எங்கள் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மியானது. டாக்டரம்மாவின் மாப்பிள்ளை பெங்களூருவில் ஏதோ கம்பெனியில் மேனேஜராக இருந்தவர். "நான் வந்து பாத்துக்கறேன்" என்று வந்துவிட்டார். அவரைக் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். வந்த முதல் வாரமே பெண்களுக்கான கக்கூஸைச் சரிசெய்து தாழ்ப்பாள் போட்டார். ஏழு வருஷமாக நான் டாக்டரம்மாவிடம் சொல்லச் சொல்ல ஆகாத வேலை அது. அடுத்து எப்போது வர வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். அதுவும் நல்ல விஷயம்.

ஆனால் அவர் மூன்று நாள் மூலையில் உட்கார்ந்து நோட்டில் எதையோ குறித்தார். ஜனங்கள் அடிக்கடி எழுந்து வராந்தா ஓரம் போய் ரோட்டைப் பார்க்கிறார்கள், பாதிப் பேர் டாக்டரைப் பார்க்காமலே ஓடிவிடுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்தது சரிதான். காரணம்தான் தப்பு.

"இவங்களுக்கு இங்க உக்காரப் புடிக்கல. வெயிட்டிங் ஏரியா நல்லா இருந்தா ஏன் எழுந்து போறாங்க?" என்றார்.

"வேன் பாக்கறாங்க சார்" என்றேன்.

"வேன் போனா பஸ்ல போறாங்க. நல்ல ட்ரீட்மெண்ட்டுன்னா காத்திருப்பாங்க. நீ பெரிய ஆஸ்பத்திரிங்களைப் பாத்ததில்ல."

பார்த்ததில்லைதான்.

ஒரே மாதத்தில் வராந்தாவைக் கண்ணாடி போட்டு அடைத்தார்கள். ஏசி வந்தது. சுவரில் டிவி வந்தது. சிவப்பு எழுத்தில் நம்பர் காட்டுகிற ஒரு பெட்டி வந்தது. வந்த வரிசைப்படி அதுவே கூப்பிடும், நான் இடையில் புகுந்து மாற்ற முடியாது. கண்ணாடிக் கதவில் ஒரு போர்டு: "கதவை மூடவும்." மறைக்க மாட்டேன், முதல் நாள் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கண்ணாடியை நானே பழைய பேப்பரால் துடைத்தேன். உங்கம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். நீங்களும் வந்தீர்கள். சின்னவன் அந்தக் கதவில் மூக்கை வைத்து அழுத்தி அதை மறுபடி துடைக்க வைத்தான்.

இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்தால் ஹாரன் கேட்கவில்லை.

கண்ணாடி பாதியை அடைத்தது, டிவி மீதியை அடைத்தது. பெண்கள் சீட்டின் நுனியில் உட்கார்ந்தார்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஒருத்தி எழுந்து கதவைத் திறந்து தலையை நீட்டுவாள். குளிர் வெளியே போகும். மாப்பிள்ளை "டோர், டோர்!" என்று கத்துவார். அவள் பயந்து மூடுவாள். அடுத்தவள் எழுந்துகொள்வாள். பாதிப் பேர் உள்ளே வராமல் வெயிலில் ரோட்டோரம் நின்றார்கள். நம்பர் கூப்பிடுவது அவர்களுக்குக் கேட்காது. நம்பர் தாண்டிவிடும்.

சுண்ணாம்புக் குழிக்காரரும் அந்த வாரம் வந்தார். உள்ளே உட்கார்ந்தார். அடைத்த அறையில் அந்த வாசனை எங்கே போகும்? எதிரே இருந்த ஒரு அம்மா முந்தானையை மூக்கில் வைத்தார். யாரையும் திட்டவில்லை, முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அவ்வளவுதான் செய்தார். இவர் எழுந்து என்னிடம் வந்து டோக்கனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னொரு நாள் வர்றேன் கம்பவுண்டர்."

"இருங்கண்ணே, அடுத்தது நீங்கதான்."

"பரவால்லப்பா. எனக்கே அடிக்குது."

அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

இப்போது அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையோரத்து ஊர். கம்பெனியில் ஷூவின் மேல்தோல் தைக்கிற வேலை. தலைச்சன் பிள்ளை, ஆறாவது மாதம். பிரஷர் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அவள் கார்டில் வாரா வாரம் வர வேண்டும் என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை அவள் நம்பர் பதினான்கு. அவளை முன்னால் அனுப்ப எனக்கு வழியில்லை. டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். கதவைத் திறந்தாள். பங்க் பக்கம் காலியாக இருந்தது. மூன்று ஹாரனும் அடித்து முடித்து வேன் போயிருந்தது. அவள் யாரையும் திட்டவில்லை. கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். "டோர்!" என்றார் மாப்பிள்ளை.

டவுன் பஸ் அவளைக் கூட்டுரோட்டில்தான் இறக்கிவிடும். அங்கிருந்து ஊர் வரை நடை. வயிற்றுப்பிள்ளைக்காரி நடந்து போனாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை.

மாப்பிள்ளை சாயங்காலம் எங்களை உட்காரவைத்துக் கணக்குச் சொன்னார். வந்தவர்கள் திரும்ப வருவதில்லையாம். அதற்கு பேக்கேஜ் போட வேண்டுமாம். மூன்று டெஸ்ட் எடுத்தால் நாலாவது இலவசம், ஆள் கூட்டிவந்தால் ஒரு கூப்பன்.

நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

"இன்னாப்பா?"

"சார், கதவைத் தொறந்து வச்சா போதும். திரும்ப வருவாங்க."

"கதவைத் தொறந்து வச்சா ஏசி எதுக்குய்யா?"

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன்."

ஊசி போடுகிற நர்ஸம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். டாக்டரம்மா ஜன்னலைப் பார்த்தார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. "டென்த் படிச்சிட்டு எனக்குப் பாடம் நடத்தறியா?" என்றார்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் நான் கம்பெனி கேட்டுக்குப் போனேன். வாட்ச்மேன் தெரிந்தவர். உள்ளே சொல்லி அனுப்பினார். அந்தப் பெண் டிபன் டப்பாவோடு வந்தாள். முகம் உப்பியிருந்தது, கால் வீங்கியிருந்தது. எனக்கே பார்க்கத் தெரிந்தது.

"ஏம்மா வரல?"

"எப்டிண்ணா வர்றது? அன்னிக்கு வூட்டுக்குப் போறதுக்கு இருட்டிப் போச்சு. என் மாமியார் இன்னா கேட்டாங்க தெரியுமா? டாக்டராண்ட போனியா, சினிமா பாத்துட்டு வர்றியான்னு. டிவி கீதே, அதுல படம் பாத்துட்டுத்தான் வர்றேன்னு சொன்னேன். இன்னும் பேஜாராப் போச்சு."

அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாளைக்கு வா. கதவு தொறந்திருக்கும். உன் வேன் ஹாரன் அடிச்சா நானே சொல்றேன்."

"அந்த சார் வுடுவாரா?"

"கதவு தொறந்திருக்கும்னு சொல்றேன் இல்ல? வா."

சொல்லிவிட்டு வந்தேனே தவிர வழியெல்லாம் வீட்டுக் கணக்குத்தான் போட்டேன். நீங்கள் இரண்டு பேர், வாடகை வீடு, ஒரு சம்பளம். ஆனால் கால் வீங்கிய பெண்ணிடம் வார்த்தை கொடுத்தாகிவிட்டது. திரும்பும் வழியில் கம்பெனிக் கழிவு விற்கிற கடையில் ஒரு பழைய ஷூ அச்சு வாங்கினேன். பாதம் மாதிரியே இருக்கும், பச்சை பிளாஸ்டிக், நல்ல கனம். சின்னவனே, நீ கயிறு கட்டித் தெருவெல்லாம் இழுத்துக்கொண்டு போவாயே, அதுதான்.

மறுநாள் சாயங்காலம் கதவை முழுக்கத் திறந்து, அடியில் அந்த அச்சை வைத்து முட்டுக் கொடுத்தேன். டிவியை அணைத்தேன். ரோட்டோரம் நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அந்தப் பெண்ணும் வந்தாள். டோக்கன் ஒன்பது.

மாப்பிள்ளை வந்தார். அச்சைக் காலால் தள்ளினார். கதவு மூடிக்கொண்டது. நான் போய்த் திறந்து அச்சை வைத்தேன். அவர் மறுபடி தள்ளினார். நான் மறுபடி வைத்தேன். ஹால் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை அவர் அதை எடுத்து ரோட்டில் எறிந்தார். நான் போய் எடுத்து வந்தேன்.

"கதவை மூடறியா, வெளிய போறியா?"

"தொறந்துதானே சார் கீது. போறதுக்குக் கஷ்டமே இல்ல. இந்தப் பொண்ணுக்குப் பிரஷர் பாத்துட்டுப் போறேன்."

பின்னால் பாய் சிரித்துவிட்டார். "மாப்ளே சாப், காத்து நல்லாத்தான் வருது. வுடுங்க."

நான் பெட்டியில் ஓடிய நம்பரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து உள்ளே அனுப்பினேன். ஒருத்தரும் எதிர்க்கவில்லை. டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், மறுபடி பார்த்தார், வேறு கையிலும் பார்த்தார். "நாளைக்குக் காலையிலயே வேலூருக்குப் போயிடணும். உன் வீட்டுக்காரரைக் கூட்டிக்கினு போ. இந்த லெட்டரைக் காட்டு. ஒரு நாள்கூடத் தள்ளாத" என்றார். அவர் எழுதி முடிக்கும்போது வெளியே ஆடு கத்துவது போல ஹாரன் வந்தது.

"உன் வேன்மா!" என்றேன். அவள் லெட்டரை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். நான் ரோட்டை மறித்து நின்று டிரைவருக்குக் கை காட்டினேன். ஏறிவிட்டாள்.

திரும்பி வந்தபோது கதவு மூடியிருந்தது. மாப்பிள்ளை என் டிபன் பையை எடுத்து வெளியே வைத்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா தன் அறை வாசலில் நின்று பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வலித்தது அது ஒன்றுதான். மற்றபடி நான் தலையைக் குனிந்துகொண்டு வரவில்லை. பையையும் அச்சையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

உங்கம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கதவுக்காக வேலையை வுட்ட ஆளு இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான்" என்றாள். அப்புறம், "அந்தப் பொண்ணு வேன்ல ஏறிட்டாளா?" என்று கேட்டாள். ஏறிவிட்டாள் என்றேன். "சரி, கை கழுவிக்கினு வா" என்றாள்.

ஐந்து மாதம் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நின்றேன். சம்பளம் பாதி. பெரியவளே, அந்த வருஷம்தான் உனக்குப் புதுப் பை வாங்கித் தரவில்லை. கோபமாக இருந்தாய். இப்போதாவது காரணம் தெரிந்துகொள்.

ஒரு நாள் மதியம் டாக்டரம்மா ஆட்டோவில் வீட்டுக்கு வந்து இறங்கினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"கூட்டமே வரல. மாப்ள பெங்களூருக்கே போய்ட்டாரு."

"கேள்விப்பட்டேன்மா."

"அந்தப் பொண்ணுக்கு வேலூர்ல கொழந்த பொறந்தது. கொஞ்சம் முன்னாடியே எடுத்துட்டாங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நேத்து காட்டிட்டுப் போனா. உன்னைக் கேட்டா."

நான் மறுபடி நாற்காலியைக் காட்டினேன்.

"கதவைக் கழட்டிட்டேன்" என்றார்.

உள்ளேயிருந்து உங்கம்மா கேட்டாள்: "கழட்டி எங்கம்மா வச்சிருக்கீங்க? திரும்ப மாட்டிட மாட்டீங்களே?"

டாக்டரம்மா அப்போதுதான் சிரித்தார். "வராந்தாக் கண்ணாடி மொத்தமும் மருந்து அலமாரிக்குப் போட்டாச்சு. நீயே வந்து பாரு."

உடனே தலையாட்டிவிடவில்லை நான். மூன்று விஷயம் கேட்டேன். டோக்கனில் வேன் எழுத்துப் போடுவேன், அந்தப் பெட்டி வேண்டாம். காலையில் வேன்கள் வந்து இறங்கும்போது, கம்பெனி மணி அடிப்பதற்கு முன், ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரி திறந்திருக்க வேண்டும். தோல் ஷாப்புக்காரர்கள் வராந்தாவில்தான் உட்காருவார்கள், தேவைப்பட்டால் டாக்டர் அங்கே வந்து பார்க்க வேண்டும்.

"நீ டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதான்மா. நான் டோக்கன்."

"ஏழு மணிக்கு வந்துடு" என்று ஆட்டோவில் ஏறினார். தப்பு செய்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. இன்று வரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி எப்படி வளர்ந்தது என்று உங்களுக்கே தெரியும். காலை ஒரு மணி நேரம்தான் முதலில் நிரம்பியது. மாப்பிள்ளை சொன்ன கார்டை நான் விடவில்லை. யாராவது தேதியில் வராவிட்டால் அவர்கள் வேனில் வருகிறவர்களிடம் சொல்லி அனுப்புவேன், டிரைவரிடமும் சொல்வேன். ஒரு பெண் வந்தால் அவள் பக்கத்து சீட்டுக்காரி வருவாள், பிறகு மாமியார் வருவார். டாக்டரம்மா லேப் வைத்தார், இன்னொரு நர்ஸை எடுத்தார். ஒருவருக்கும் கூப்பன் கொடுக்கவில்லை. உங்கள் பள்ளிக்கூட ஃபீஸ் அந்த வருமானத்திலிருந்து வந்தது. அடுத்த பந்தியில் உங்கள் மாமா சிரித்தால் இதைச் சொல்லுங்கள். வெளியே தள்ளப்பட்டது எங்கப்பாதான், ஆனால் கழன்று போனது கதவு என்று சொல்லுங்கள்.

சுண்ணாம்புக் குழிக்காரர் மட்டும் வரவில்லை. தோல் ஷாப்பில் போய் விசாரித்தேன். கைப்புண்ணுக்கு ஏதோ கடையில் களிம்பு வாங்கிப் போட்டுக்கொள்கிறார் என்றார்கள். சொல்லி அனுப்பினேன். வருகிறேன் என்று பதில் வந்தது. ஆள் வரவில்லை.

திரும்பச் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம், எல்லோரும் போன பிறகு, டாக்டரம்மாவும் வீட்டுக்குப் போன பிறகு, ஹாலில் போட்டிருந்த பழைய பெஞ்சை நான் வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். கோடியில், தூண் பக்கம், அவர் உட்காருகிற இடத்தில் போட்டேன். அவர் இல்லாத நேரம் வேனுக்குக் காத்திருக்கிற பெண்களும் அதில் உட்காருவார்கள். அதில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். வேன்கள் எல்லாம் போயிருந்தன. வாணியம்பாடி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கேட்டது, ஆனால் தூண் கொஞ்சம் மறைத்தது. எழுந்து பெஞ்சை ஒரு முழம் ரோட்டுப் பக்கம் தள்ளிப் போட்டேன். மறுபடி உட்கார்ந்து, அடுத்த ஹாரனுக்காகக் காத்திருந்தேன்.